மழையும் விட்டது, தண்ணீரும் விட்டது

கேள்வி: ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற ஒரே சொல்லுக்கு 430 பொருள்கள் இருப்பதாகவும், உலகிலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் அதுதான் என்றும் படித்தேன். தமிழில் அப்படி ஒரு சொல்லாவது உண்டா? ‘போர்செட்’ என்பதற்குக்கூடத் தமிழ்ச் சொல் இல்லாத நாம் செம்மொழிப் பெருமை பேசலாமா? பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள்.
— வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். 430 என்பது, 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு தந்த எண்ணிக்கை. அந்த ஒரு சொல்லை விளக்க மட்டும் அங்கே ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாயின. அதன் பிறகு தொடங்கிய திருத்தப் பதிப்பு வேலையில் ‘ரன்’ என்ற சொல் முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் என்று 2011-இல் செய்தி வெளியானது. எனவே நீங்கள் படித்தது பழைய கணக்கு. அது ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணிய அகராதி என்பதால், ‘உலகிலேயே’ என்பது யாரோ சேர்த்துவிட்ட ஒட்டு.

‘செட்’ என்று ஒலிக்கும் சொற்கள் எல்லாம் ஒரே விதையில் முளைத்தவையும் அல்ல. ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார்தல். அதன் பிறவினையே ‘செட்’, அதாவது உட்காரவைத்தல். நாம் ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’ என்று ஆக்கிக்கொள்வதைப் போன்றதுதான் அது. ஆனால் கூட்டம், தொகுப்பு என்ற பொருளில் வரும் ‘செட்’, லத்தீனில் தோன்றிப் பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த வேறொரு சொல். ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் காலப்போக்கில் கலந்துவிட்டன. இதே கலப்பை நம் வயல் வரப்பிலேயே பார்க்கலாம். ‘போர்செட்டை ஓட்டிவிட்டு வா’ என்றால் அது மோட்டார். ‘போர்செட்டில் படுத்திருக்கிறார்’ என்றால் அது மோட்டார் நிற்கும் கொட்டகை. ஆங்கிலத்தின் செட்டும் ஷெட்டும் நம் வாயில் ஒன்றாகிப்போனதன் விளைவு இது. மைக் செட், பல் செட், கல்யாணத்துக்கு இரண்டு செட் மேளம், ‘அவனும் நானும் ஒரே செட்’, ‘அந்த இடம் நமக்குச் செட் ஆகாது’ என்று அந்தச் சொல் நம்மிடமும் நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கிறது.

இனி, தமிழில் அப்படி ஒரு சொல்லாவது உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். ஜூன் மாதம் வந்துவிட்டால் உங்கள் ஊர் டீக்கடையில், ‘மேட்டூரில் தண்ணீர் விட்டாச்சா?’ என்று கேட்காதவர் உண்டா? ஐப்பசி அடைமழையில் அதே டீக்கடையில், ‘மழை விட்டாச்சா?’ என்று கேட்கிறோம். முதல் கேள்வியில் ‘விட்டது’ என்றால் வரத் தொடங்கியது. இரண்டாவதில் ‘விட்டது’ என்றால் வருவது நின்றுபோனது. ஒரே சொல் நேர் எதிரான இரண்டு பொருளைத் தருகிறது, ஒரு சம்சாரியும் குழம்பியதில்லை. நாற்று விடுகிறோம், பயிர் வேர் விடுகிறது, மாட்டை மேய விடுகிறோம், பள்ளிக்கூடம் விடுகிறது, மூச்சு விடுகிறோம், கதையும் விடுகிறோம். ‘போடு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், பந்தல் போடுவதில் தொடங்கி உரம், கோலம், சட்டை, சாப்பாடு, தாளம், கையெழுத்து, சண்டை, மொட்டை என்று இந்தப் பக்கம் நிரம்பிவிடும்.

இப்படிப்பட்ட சொற்களின் பொருளை எதைக் கொண்டு அறிவது என்பதைத் தொல்காப்பியம் முன்பே பேசியிருக்கிறது. ‘பலபொருள் ஒருசொல்’ என்று அதற்குப் பெயரே உண்டு. உடன் வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்கிறது அந்நூல். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம் ‘மா’. பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் விலங்கு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு நில அளவு என்று இன்னும் ஒரு பொருள் உண்டு: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இந்த ‘வேலி’யையும் முள்வேலி என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது செல்வமும் இல்லை, வறுமையும் இல்லை. நாள்தோறும் பலர் கையில் புழங்கும் எந்தச் சிறு சொல்லுக்கும் அது நேர்வதுதான். அரிய சொற்களுக்கு அந்த நிலை வருவதில்லை.

கடைசியாகப் போர்செட். ‘செட்’ என்பதற்கு எங்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதுதான் நீங்கள் செய்த பிழை. கணிதத்தில் அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. இரண்டும் அந்த இடத்துக்குச் சரி. அவற்றைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனால் சிரிப்பார்கள். எழுத்தில் தமிழ் வேண்டுமென்றால், மோட்டாரைக் குறிக்கும் இடத்தில் ஆழ்குழாய் மோட்டார் என்றும், கட்டடத்தைக் குறிக்கும் இடத்தில் மோட்டார் கொட்டகை என்றும் எழுதுங்கள். பேச்சில் போர்செட் இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றபடி, ‘விட்டுவிடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் முதல் ‘விடு’ கைவிடுவதைச் சொல்கிறது, இரண்டாவது ‘விடு’ அதற்குத் துணைவினையாக நிற்கிறது. தமிழில் அப்படி ஒரு சொல்லாவது உண்டா என்று கேட்ட அதே அஞ்சலட்டையில், அதை ஒரே மூச்சில் இருமுறை எழுதியவர் நீங்கள்தான்.