எருதுகள் நடக்கின்றன, வடக்கயிறு இழுபடவில்லை

கேள்வி: எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) இளமையில் கவலை ஓட்டியவர், அதாவது எருதுகளைப் பூட்டிக் கிணற்று நீர் இறைத்தவர். அவர் சொல்லக் கேட்டதை வைத்துக் கையால் வரைந்த அனிமேஷன் குறும்படம் ஒன்றைச் செய்துவருகிறேன். இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் (நீர் இறைக்கும் கலம்) நிறையத் தண்ணீர் மேலே வரும் காட்சிக்கு 6 நொடி ஒதுக்கி, 72 ஓவியங்கள் வரைந்து பென்சில் டெஸ்ட் (அசைவைச் சரிபார்க்கும் பென்சில் ஓவிய ஓட்டம்) எடுத்தேன். கால் அசைவு சரியாக இருந்தும், எருதுகள் சும்மா நடந்துபோவதாகவே தெரிகிறது. பிழை எங்கே? அவை பின்னோக்கி ஏறுவதற்கு இதே ஓவியங்களைத் தலைகீழ் வரிசையில் பயன்படுத்தலாமா?
- வாசகி, காங்கேயம்

பதில்: நீங்கள் அனுப்பிய ஓவியங்களை அடுக்கி, விரலால் புரட்டிப் பார்த்தேன். எருதுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை, எருதுகள் இழுக்கும் பெருங்கயிறான வடக்கயிற்றில் இருக்கிறது. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அது ஒரே நேர்கோடாகக் கிடப்பதால், மறுமுனையில் நிறைசால் தொங்குகிறது என்பதற்குப் படத்தில் சாட்சியே இல்லை.

நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் தோன்றும் தனித்தனிப் படம்), ஓர் ஓவியத்துக்கு இரண்டு ஃபிரேம் என்ற உங்கள் கணக்கு சரிதான். ஆனால் 72 ஓவியங்களையும் சம இடைவெளியில் பங்கிட்டிருக்கிறீர்கள்; சமமாக நகரும் எதற்கும் கண் எடை கொடுப்பதில்லை. ஆகவே 144 ஃபிரேமை 36, 72, 36 என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதல் 36 ஃபிரேமில் எருதுகள் ஏறக்குறைய நகரவே கூடாது. தொய்ந்து கிடக்கும் வடம் முதலில் விறைக்க வேண்டும். பிறகு நுகத்தடி திமிலில் அழுந்த, தலைகள் தாழ்ந்து, பின்னங்கால்கள் மண்ணை உந்த வேண்டும். அதன் பின்னரே உடல் முன்னே செல்ல வேண்டும். இந்தப் பகுதியின் 18 ஓவியங்களும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல நெருக்கமாக இருக்கட்டும். ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்காரும் நொடியில் கயிறு அவருக்குக் கீழே சற்று வளைய வேண்டும். உங்கள் ஓவியத்தில் அவர் இரும்புக் கம்பியில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறார்.

நடுவிலுள்ள 72 ஃபிரேம் நீங்கள் ஏற்கெனவே வரைந்த நடைதான். உடலை மட்டும் முன்னே சாய்த்துக்கொண்டால் போதும். கடைசி 36 ஃபிரேமில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. சாலின் அடியில் கட்டிய தோல் குழாயான தும்பியின் வாய் வழியே தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் வடம் தளர வேண்டும். எருதுகளின் தலைகள் அதே கணத்தில் நிமிராமல், நான்கு அல்லது ஆறு ஃபிரேம் தாமதித்து நிமிர வேண்டும். பாரம் இறங்கியதை உடல் உணர்வதற்கு ஆகும் அந்தச் சிறு தாமதத்தைப் பார்வையாளர் எண்ணிப் பார்ப்பதில்லை; ஆனால் அது இல்லாவிட்டால் எடையையும் நம்பமாட்டார்.

தலைகீழ் வரிசை வேண்டாம். இறங்கும்போது பாரம் இழுத்த எருது, ஏறும்போது பாரமின்றி, ஆனால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காலைத் தேடி வைக்கிறது. இறங்கிய ஓவியங்களைத் திருப்பிப் போட்டால் விறைத்த வடமும் முன்சாய்ந்த உடலும் அப்படியே திரும்பிவரும். பார்ப்பவருக்கு அது படச்சுருளைப் பின்னால் ஓட்டியதுபோல் இருக்கும். ஓட்டுபவரும் அப்போது வடத்தில் இல்லை, நடந்து ஏறுகிறார். முக்கிய நிலைகளாக ஐந்தாறு ஓவியங்களைப் புதிதாக வரைந்துகொண்டு, இடை ஓவியங்களைப் பிறகு நிரப்புங்கள்.

நேரக் கணக்குக்கு அப்பிச்சியைவிடச் சிறந்த ஆசான் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. திண்ணையில் ஒரு கயிற்றைக் கட்டி, அவர் ஓட்டிய விதத்தை நடித்துக் காட்டச் சொல்லிக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். 1914இல் டைனோசர் ஒன்றைத் திரையில் உயிர்ப்பித்த வின்சர் மெக்கே, அது மூச்சு விடும் நேரத்தைத் தம்முடைய மூச்சைக் கொண்டே கணக்கிட்டார்.

வண்ணம் குறித்தும் ஒரு சொல். பொலிகாளைக்குரிய (இனப்பெருக்கத்துக்கான, காயடிக்காத காளைக்குரிய) கருமையை உங்கள் எருதுகளின் கழுத்திலும் திமிலிலும் ஏற்றியிருக்கிறீர்கள். காயடித்த காங்கேயம் எருது சாம்பல் நிறமாகவே இருக்கும். ஊரில் படத்தைப் போட்டுக் காட்டினால் எடையைப் பற்றி யாரும் பேசாமல் போகலாம், இதை விடமாட்டார்கள்.

கேள்வி: பவானி ஜமக்காளத்தின்மேல் ஒரு பாட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில், ஜமக்காளக் கோடுகள் எல்லாம் நடுங்குகின்றன. எப்படி நிறுத்துவது?
- வாசகர், பவானி

பதில்: ஒவ்வொரு தாளிலும் ஜமக்காளத்தையும் சேர்த்து வரைகிறீர்கள் என்று தெரிகிறது. அதைப் பின்னணித் தாளில் ஒருமுறை மட்டும் வரைந்துவிட்டுப் பாட்டியைத் தனித் தாளில் வையுங்கள். அதன் பிறகும் நடுங்கினால், தாளின் துளைகள் பெக் பாரில் (தாள்களை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் முளைகள் கொண்ட பட்டையில்) தளர்வாக உட்கார்கின்றனவா என்று பாருங்கள். பாட்டியின் கோடுகள் மட்டும் லேசாக நடுங்கினால் விட்டுவிடலாம். அவரை ஒரே ஓவியத்தில் நிறுத்திவைத்தால் புகைப்படம்போல் உறைந்துவிடுவார். ஒரே நிலையை மூன்று தாள்களில் படியெடுத்து மாற்றி மாற்றிப் போட்டால் உயிரோடு உட்கார்ந்திருப்பார்.