வேகமும் நேர்த்தியும்: அனிமேஷன் கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருந்தபடி விளம்பரங்களுக்கும் கல்விக் காணொளிகளுக்கும் அனிமேஷன் செய்து வருகிறேன். தரம் குறையாமல் வேகமாக வேலை செய்வது பற்றி டெல்டா மாவட்டத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், தனியாகப் பணிபுரிபவர்): ஐயா, பத்து வினாடி ஷாட் ஒன்றை முடிக்க எனக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிறது. கை வேகம் போதவில்லையா?

பதில்: கை வேகத்தால் மிச்சமாவது சொற்பம். நேரத்தை விழுங்குவது திரும்பச் செய்யும் வேலைதான். வினாடிக்கு 24 பிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்) என்றால் உங்கள் ஷாட்டில் 240 பிரேம்கள் இருக்கின்றன. முதல் வினாடியை மெருகேற்றி முடித்துவிட்டு இரண்டாவது வினாடிக்குப் போகிறவர், ஐந்தாவது வினாடியில் பாத்திரம் தவறான காலில் நிற்பதைக் கண்டால், முன்னால் செய்ததையெல்லாம் கலைக்க வேண்டியிருக்கும். ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன்பே தாளில் கட்டைவிரல் அளவுப் படங்களாக முக்கிய நிலைகளை வரைந்துகொள்ளுங்கள். அந்த அசைவை நீங்களே நடித்துக் கைப்பேசியில் பதிவு செய்து, உடலின் எடை எந்தக் காலில் எப்போது மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஷாட் முழுவதையும் ஸ்டெப்டு முறையில் (இடையசைவு இல்லாமல் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) பிளாக்கிங் (நிலைகளை மட்டும் வைத்த முன்வடிவம்) செய்து, கீ போஸ்களும் (முக்கிய நிலைகள்) அவற்றுக்கு இடையிலான பிரேக்டவுன்களும் (இடைநிலைகள்) நேரக் கணக்கோடு சரியாக அமைந்த பின்னரே ஸ்ப்லைனுக்கு (நிலைகளைக் கணினி வழவழப்பாக இணைக்கும் முறை) மாற்றுங்கள். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு உடல் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பிரேக்டவுன்தான் தீர்மானிக்கிறது. அதைக் கணினியிடம் விட்டுவிட்டால் பாத்திரம் தண்ணீரில் மிதப்பது போலத்தான் அசையும். கிராஃப் எடிட்டரில் (அசைவை வளைகோடுகளாகக் காட்டித் திருத்த உதவும் பகுதி) எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்த மிதப்பு எளிதில் போகாது.

கேள்வி (திருவாரூர், மாணவி): ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தி, வினாடிக்கு 12 படங்களோடு முடித்துக்கொள்வது தரக்குறைவு இல்லையா?

பதில்: இல்லை. கையால் வரையும் அனிமேஷனில் அது நெடுங்கால வழக்கம். கேமரா பக்கவாட்டில் நகரும்போது பாத்திரமும் அதனுடன் நடந்தால் மட்டும் ஒவ்வொரு பிரேமுக்கும் தனிப்படம் வேண்டும். இல்லாவிட்டால் கால்கள் தரையில் வழுக்குவது போல நடுங்கும். மிக வேகமான அசைவுகளுக்கும் இப்படி ஒவ்வொரு பிரேமுக்கும் தனிப்படம் வேண்டும்.

கேள்வி (மன்னார்குடி): குறுவை நடவு பற்றி உழவர்களுக்கான காணொளி ஒன்று செய்கிறேன். வரிசையாகப் பத்துப் பெண்கள் நாற்று நட வேண்டும். பத்துப் பேரையும் தனித்தனியாக அசைத்தால் முடியாது, ஒருவரை நகலெடுத்தால் பொம்மை அணிவகுப்பாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: மிக நல்ல கேள்வி. முதலில் ஒருவரை ஒழுங்காகச் செய்யுங்கள். இடக்கையில் நாற்று முடி இருக்கிறது. வலக்கை அதிலிருந்து சில நாற்றுகளைப் பிரிக்கிறது. விரல்கள் அவற்றைச் சேற்றுக்குள் அழுத்துகின்றன. கை மேலே வருகிறது. சில குத்துகளுக்கு (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுகள்) ஒருமுறை கால் பின்னால் போகிறது. விரல் சேற்றில் இருக்கும் கணத்தில் இரண்டு மூன்று பிரேம்களுக்குக் கை நின்றால்தான் அழுத்தம் தெரியும். கை வெளியே வரும்போது சேறு பிடித்து இழுப்பதால் தொடக்கம் மெதுவாகவும் பிறகு சட்டென்றும் இருக்க வேண்டும். முதுகு முழுதாக நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் நட்டுப் பழகியவர்கள் பார்த்தவுடன் சிரிப்பார்கள்.

இந்தச் சுழற்சியை 48 பிரேம்களில் செய்து, அதிலிருந்தே 44, 53 பிரேம் நீளங்களில் இரண்டு மாற்று வடிவங்களை உருவாக்குங்கள். மூன்றையும் பத்துப் பேருக்கும் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வொருவரின் தொடக்கத்தையும் ஒழுங்கற்ற இடைவெளியில் தள்ளி வையுங்கள். நீளங்கள் வேறுபடுவதால் அவர்களின் அசைவுகள் மீண்டும் ஒன்றுசேர வெகுநேரமாகும். பிறகு பார்வையாளரின் கண் விழும் இடத்தில் இருக்கும் இருவருக்கு மட்டும் தனி அசைவு கொடுங்கள்: ஒருவர் புறங்கையால் நெற்றியைத் துடைக்கலாம், இன்னொருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கலாம். மற்ற எட்டுப் பேரும் நகல்கள் என்பது எவருக்கும் தோன்றாது.

கேள்வி (மயிலாடுதுறை): தமிழ் வசனத்துக்கு வாயசைவு செய்வதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. எழுத்துக்கு எழுத்து வாய் வடிவம் வைத்தும் நன்றாக வருவதில்லை.

பதில்: எழுத்துக்கு எழுத்து வைப்பதுதான் கோளாறு. முதலில் தாடை எப்போது திறந்து மூடுகிறது என்பதை மட்டும் வசனம் முழுவதற்கும் செய்யுங்கள். அடுத்து உதடு கட்டாயம் மூட வேண்டிய ப, ம ஒலிகளைப் பிடியுங்கள். "அம்மா", "அப்பா" போன்ற சொற்களில் ஒலி இரட்டிப்பதால் உதடு ஒற்றை மெய்யைவிட நீண்ட நேரம் மூடியே இருக்கிறது. அதை ஒரே பிரேமில் கடந்துவிட்டால் ஒட்டாத வாயசைவாகத் தெரியும். மூன்றாவதாக உ, ஊ, ஒ, ஓ வரும் இடங்களில் உதட்டைக் குவியுங்கள். நாவால் பிறக்கும் மெய்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். வாய் வடிவங்களை ஒலிக்கு ஓரிரு பிரேம்கள் முன்பாகவே வைத்தால் பொருத்தமாக இருக்கும். மிச்சமாகும் நேரத்தைக் கண்களுக்கும் புருவங்களுக்கும் கொடுங்கள், மக்கள் பார்ப்பது அங்கேதான்.

கேள்வி (திருவையாறு): பாவாடை, கூந்தல், ஜிமிக்கி போன்றவற்றின் பின்னசைவை (உடலைத் தொடர்ந்து சற்றுத் தாமதமாக ஆடுவது) ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது. சுருக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. தஞ்சாவூர் நாட்டிய பொம்மையை ஒருமுறை தட்டிவிட்டுக் கவனியுங்கள். பாவாடை, உடல், தலை என்று தனித்தனித் துண்டுகளாக இருப்பதால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடுகிறது. நீங்களும் அடிப்பகுதியை மட்டும் கவனமாக அசைத்து, அதன் வளைகோட்டை அடுத்த எலும்புக்கு (பாத்திரத்தை அசைக்க மென்பொருளில் வைக்கும் துண்டு) நகலெடுத்து, இரண்டு மூன்று பிரேம்கள் தள்ளி, வீச்சைக் கூட்டியோ குறைத்தோ விடலாம். நான்கு எலும்புச் சடை ஒன்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடைசியில் நுனியின் பாதையை மட்டும் சரிபார்த்தால் போதும்.

கேள்வி (பட்டுக்கோட்டை): பழைய கணினி, அடிக்கடி மின்வெட்டு. பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் (காட்சியை இறுதிப் படங்களாக உருவாக்குவது) பாதியில் நின்றுபோகிறது.

பதில்: நேரடியாக வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யாதீர்கள், பிஎன்ஜி படவரிசையாக எடுங்கள். 'ஓவர்ரைட்' (ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் மறுபடி எழுதுவது) வசதியை அணைத்து வைத்தால், மின்சாரம் வந்ததும் முடிந்த பிரேம்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படத்தை மட்டும் திறந்து பாருங்கள். அது பழுதாகியிருந்தால் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அனிமேஷன் செய்யும்போது 'சிம்ப்ளிஃபை' வசதியால் சப்டிவிஷனை (உருவத்தின் பரப்பை மேலும் நுணுக்கமாகப் பிரிப்பது) பூஜ்யமாக்கினால் பழைய கணினியிலும் அசைவு ஓரளவு தடையின்றி ஓடும். திக்கித் திக்கி ஓடும் காட்சியை வைத்து நேரக் கணக்கைத் தீர்மானிக்கக் கூடாது.

கேள்வி (நாகப்பட்டினம்): மோஷன் கேப்சர் (நடிப்பவரின் அசைவைப் பதிந்து பாத்திரத்துக்கு மாற்றுவது) மென்பொருள்கள் வந்துவிட்டனவே, இவ்வளவு சிரமம் எதற்கு?

பதில்: இயல்பான மனித நடைக்கு அவை உதவும். ஆனால் ஒவ்வொரு பிரேமிலும் கீ (நிலையைக் குறிக்கும் பதிவு) இருப்பதால், வாடிக்கையாளர் ஒரு கையை மாற்றச் சொன்னால் அதைத் திருத்துவது கடினம். கார்ட்டூன் பாத்திரங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (கும்பகோணம், நகைக்கடை விளம்பரம் செய்பவர்): நான் வேகமாக முடித்தாலும் வாடிக்கையாளர் கேட்கும் திருத்தங்கள் முடிவதில்லை, அண்ணா.

பதில்: முடிந்த படத்தை முதன்முதலில் காட்டினால் அப்படித்தான் ஆகும். அனிமேட்டிக் (வரைபடங்களை நேரக் கணக்கோடு ஓட்டிக் காட்டும் முன்வடிவம்), பிளாக்கிங், இறுதி வடிவம் என்று மூன்று கட்டங்களில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலமாக ஒப்புதல் வாங்குங்கள். பிளாக்கிங் ஏன் வெட்டி வெட்டி ஓடுகிறது என்று கேட்பார்கள். அனுப்புவதற்கு முன்பே அதை விளக்கி, "இப்போது நிலைகளையும் நேரத்தையும் மட்டும் பாருங்கள், வழவழப்பு பிறகு வரும்" என்று சொல்லிவிடுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு கதையோ கேமராக் கோணமோ மாறினால் தனிக் கட்டணம் உண்டு என்பதை முன்பணம் வாங்கும் நாளிலேயே விலைப்புள்ளியில் எழுதிக் கொடுங்கள்.