65 இன்ச்சா, 75 இன்ச்சா? பெரிய டிவி பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்வி: சோபாவுக்கும் டிவி வைக்கும் சுவருக்கும் நடுவே 9 அடி இடம் இருக்கிறது. 55 இன்ச் போதுமா? பெரிதாக வாங்கினால் கண் கெடுமா?

போதாது. 65-இல் தொடங்குங்கள், சுவர் இடம் கொடுத்தால் 75-க்கே போங்கள்.

கணக்கு எளிது. உட்கார்ந்த இடத்திலிருந்து திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்துக்காவது விரிந்தால்தான் படம் பார்க்கிற உணர்வு வரும். 40 டிகிரியில் தியேட்டரின் நடு வரிசையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். திரையின் இன்ச் அளவை (மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது) 1.6-ஆல் பெருக்கினால் முதலாவதற்கான தூரம் கிடைக்கும், 1.2-ஆல் பெருக்கினால் இரண்டாவதற்கானது. 65 இன்ச்சுக்கு அது கிட்டத்தட்ட 8.7 அடியும் 6.5 அடியும். 75-க்கு 10 அடியும் 7.5 அடியும். உங்கள் 9 அடி 75-இன் இரண்டு தூரங்களுக்கும் நடுவில் வசதியாக விழுகிறது.

திரையின் அளவு கண்ணைக் கெடுக்காது. இருட்டறையில் கூசும் வெளிச்சத்தை இமைக்காமல் மணிக்கணக்கில் பார்ப்பதுதான் கண்ணைக் களைக்க வைக்கிறது. டிவிக்குப் பின்னால் ஒரு மங்கலான விளக்கு எரியட்டும், நல்ல வித்தியாசம் தெரியும்.

வாங்கும் முன் செய்தித்தாள்களை ஒட்டி 144-க்கு 81 செ.மீ. அளவில் ஒரு செவ்வகம் செய்து சுவரில் ஒட்டுங்கள். அதுதான் 65 இன்ச். 75-க்கு 166-க்கு 93. இரண்டு நாள் அதற்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள். உயரமும் அப்போதே தெரிந்துவிடும்: உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். என் முதல் பெரிய டிவியை அழகுக்காக உயரத்தில் மாட்டினேன். இரண்டே வாரத்தில் கழுத்து வலி வந்து, சுவரில் மறுபடி துளை போட்டுக் கீழே இறக்கினேன்.

கேள்வி: பிள்ளைகள் தினமும் பல மணி நேரம் ஒரே கேமை விளையாடுகிறார்கள். ஓஎல்இடி வாங்கினால் திரையில் தழும்பு விழுமா? மினி எல்இடி நல்லதா?

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்தே போகும், அதனால்தான் இரவுக் காட்சிகள் அவ்வளவு ஆழமாகத் தெரிகின்றன. அசைவும் மங்காது. ஆனால் அந்தப் புள்ளிகள் எரிய எரியத் தேயும். கேமில் வரும் ஆயுள் அளவு, வரைபடம், செய்தியில் வரும் சேனல் சின்னம் என்று ஓரிடத்திலேயே நிற்கிற படங்கள் அங்கே தேய்மானத்தைக் கூட்டிவிடும், நீங்கள் சொல்லும் தழும்பு அதுதான். விதவிதமான கேம்களும் படங்களும் ஓடுகிற வீட்டில் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே கேம் தினமும் பல மணி நேரம், அதோடு பகல் முழுக்கச் செய்திச் சேனல் என்றால், பின்னாலிருக்கும் சிறு விளக்குகளால் ஒளிரும் மினி எல்இடியே நிம்மதி.

அறையின் வெளிச்சத்தையும் பாருங்கள். பெரிய ஜன்னல், பகல் வேளை விளையாட்டு என்றால் மினி எல்இடியின் பிரகாசம் கைகொடுக்கும். ஆனால் அதில் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குகள் பகுதி பகுதியாகத்தான் கூடிக் குறையும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது எழுத்தைச் சுற்றி லேசான புகைபோல ஒளி கசியலாம். கடையில் அந்த மாதிரி ஒரு காட்சியைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஓஎல்இடி வாங்கினால் இதை மறக்காதீர்கள்: ரிமோட்டில் அணைத்தவுடன் சுவர் சுவிட்சையும் அணைக்கக் கூடாது. தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேலையை டிவி ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் செய்கிறது. மின்சாரமே இல்லை என்றால் அது நடக்காது.

கேள்வி: பெட்டியில் "120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1" என்று போட்டிருந்தது. ஆனால் என் பிளேஸ்டேஷன் 5-இல் 60-க்கு மேல் வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள், எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு; எச்டிஎம்ஐ 2.1 என்பது கன்சோலையும் டிவியையும் இணைக்கும் வயர் இணைப்பின் ஒரு தரம். முதலில் கன்சோல் வயர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பல டிவிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸை ஏற்பவை இரண்டுதான். பின்பக்கம் போர்ட் அருகிலேயே பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அடுத்து டிவி மெனுவில் அந்த போர்ட்டுக்கான சிக்னல் அமைப்பை உயர்ந்த நிலைக்கு மாற்றுங்கள், சில டிவிகளில் அது அணைந்த நிலையிலேயே வரும். மூன்றாவது, கன்சோல் வயர் சவுண்ட்பார் வழியாகப் போகிறதா? பல சவுண்ட்பார்கள் 4கே 60-ஐத் தாண்டி அனுப்பாது. கன்சோலை நேராக டிவியில் செருகிவிட்டு, சவுண்ட்பாரை இஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய போர்ட்டுக்கு மாற்றுங்கள். சில டிவிகளில் அந்த இஏஆர்சி போர்ட்டே வேகமான இரண்டில் ஒன்றாக இருந்து தொலைக்கும், இரண்டு கன்சோல் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக, எல்லா கேமும் 120-இல் ஓடாது. ஓடுகிற கேமிலும் வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பேனலே, அதாவது திரையே, 60 ஹெர்ட்ஸாக இருக்கலாம். எச்டிஎம்ஐ 2.1-இன் வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை; 120 இல்லாத டிவியும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். "மோஷன் 240" மாதிரியான எண்களும் பேனலின் உண்மையான வேகத்தைச் சொல்வதில்லை. வாங்குபவருக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். விவரப் பட்டியலில் "பேனல் ரெஃப்ரெஷ் ரேட்" என்ற வரியை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: பட்டனை அழுத்திய பிறகுதான் ஆள் குதிக்கிறான், அதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். டிவி பழுதா?

பழுதில்லை. படத்தை மெருகேற்றும் வேலைக்கு டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது, அது 100 மில்லிசெகண்டைக் கூடத் தொடலாம். விநாடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட்தான், அதாவது ஆறு பிரேம் பிந்திவிடுகிறது. அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள்.

கேள்வி: 4கே-யைவிட அதிகப் புள்ளிகள் உள்ள 8கே டிவி வாங்கலாமா? விலை உயர்ந்த எச்டிஎம்ஐ வயர்?

இரண்டும் வேண்டாம். "அல்ட்ரா ஹை ஸ்பீட்" சான்று ஒட்டிய சாதாரண வயரே போதும்.

கேள்வி: புது டிவியில் சினிமா எல்லாம் சீரியல் மாதிரி தெரிகிறது. டேப்பிலிருந்து மாற்றிய பழைய குடும்ப வீடியோவோ பார்க்கவே சகிக்கவில்லை.

சினிமா விநாடிக்கு 24 பிரேம். நடுவே டிவி தானாகப் பிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பதால் வரும் வழவழப்பு அது. அந்த வேலையைச் செய்யும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். 120 ஹெர்ட்ஸ் பேனல் இங்கேயும் உதவும்: 24 அதில் சரியாக ஐந்து முறை அடங்குவதால் ஒவ்வொரு பிரேமும் ஒரே அளவு நேரம் நிற்கும்.

குடும்ப வீடியோவுக்கு வருவோம். டேப்பிலிருந்து மாற்றியது பெரும்பாலும் 720-க்கு 576 புள்ளிதான். 4கே திரையில் அதைப்போல் சரியாக 20 மடங்கு புள்ளிகள் இருக்கின்றன, மீதி அத்தனையும் டிவியின் ஊகம். ஷார்ப்னஸைப் பூஜ்ஜியத்துக்கு அருகே இறக்குங்கள். கூட்டி வைத்தால் டேப்பின் பொறிகள்தான் கூர்மையாகும். நாய்ஸ் ரிடக்‌ஷனை நடுவில் வையுங்கள். முக்கியமாகப் பட அளவை 4:3-க்கு, அதாவது பழைய டிவிகளின் அகல-உயர விகிதத்துக்கு, மாற்றுங்கள். ஒரு வீட்டில் பாட்டியின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு உப்பிக் கிடந்தது. 4:3 போட்டதும் பக்கங்களில் கறுப்புப் பட்டை வந்தது, நடுவில் பாட்டி அவர்கள் நினைவில் இருந்த அதே ஒடுங்கிய கன்னத்தோடு சிரித்தார். இன்னும் மாற்றாத டேப்புகள் இருந்தால், திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டாமல் 4:3-ஆகவே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இனி எடுக்கப்போகிற வீடியோக்களுக்கு ஃபோனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். நிமிர்த்தி எடுத்தது 65 இன்ச் திரையின் 144 செ.மீ. அகலத்தில் வெறும் 46 செ.மீ. பட்டையாகத்தான் வரும்.