டிபக் கர்னலில் மட்டும் நெட்வொர்க் சோதனை ஏன் விட்டுவிட்டுத் தோற்கிறது?

சாதாரண கர்னலில் (கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) எப்போதும் தேறும் நெட்வொர்க் சோதனை, பிழைகளைப் பிடிக்கும் சரிபார்ப்புகள் சேர்த்த டிபக் கர்னலில் சில தடவை மட்டும் தோற்கிறது. நிரல் மாறாமலே முடிவு மாறும் இதைத் தள்ளாடும் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

டிபக் கர்னலில் கேசான் (KASAN) என்ற கருவி நினைவக அணுகல்களையும், லாக்டெப் (lockdep) என்ற கருவி ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் எல்லாமே மெதுவாகிறது. சோதனையோ "சர்வரைத் தொடங்கு, 1 வினாடி பொறு, இணை" என்று எழுதப்பட்டிருக்கும். அதற்குள் சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாசலான போர்ட்டைத் திறக்காவிட்டால் இணைப்பு மறுக்கப்படும்.

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, நினைத்துப் பாருங்கள். வெயில் நாளில் வாடும் வேகத்தில் மூடுபனி நாளில் கொழுந்து வாடாது. தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் கடிகாரத்தை மட்டும் நம்பமாட்டார். ஒரு பிடி அள்ளி அமுக்கி, காம்பு ஒடியாமல் வளைகிறதா என்று பார்த்த பிறகுதான் உருட்ட அனுப்புவார்.

சோதனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். போர்ட் திறந்துவிட்டதா என்று 0.1 வினாடிக்கு ஒரு தடவை பாருங்கள், திறந்ததும் இணையுங்கள். உச்சவரம்பாக 30 வினாடி வையுங்கள். வெறுமனே காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது எனக்குப் பிடிக்காத வழி; வேகமான கணினியிலும் நேரம் வீணாகும், இன்னும் மெதுவான கணினியில் மறுபடி தோற்கும்.

சரி, நேரத்தையே அளக்கும் சோதனை என்றால்? லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் சோதனைகளில் 'இது மெதுவான இயந்திரம்' என்று சொல்ல ஒரு சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) உண்டு. அது இருந்தால் நேரம் தவறியதை மட்டும் எதிர்பார்த்த தோல்வியாகக் குறிக்கலாம்.

மெதுவான இயந்திரத்தில் தோற்றாலே அது சோதனையின் குறை என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் உண்மையான பிழை அந்த மெதுவில்தான் முதன்முதலாகக் கண்ணில் படுவதும் உண்டு.