வசதியுள்ள பிள்ளைக்கும் பள்ளியில் இலவச உணவு எதற்கு?

கேள்வி: பள்ளி உணவுத் திட்டத்தை வசதியில்லாத மாணவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினால் பணம் மிச்சமாகும் அல்லவா? பெற்றோர் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? வீட்டுச் சாப்பாடு கொண்டுவருபவர்களை என்ன செய்வது?

பதில்:

எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆசிரியையாக இருந்த காலத்தில் உணவுப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பலர் இரக்கத்தை முன்னே நிறுத்துவார்கள். நீங்கள் பணக் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள், கணக்கிலேயே தொடங்குகிறேன்.

யார் ஏழை என்று பிரிக்க ஒரு வருமான வரம்பு வேண்டும். பிறகு விண்ணப்பம், சான்றிதழ், அதைச் சரிபார்க்க ஆள், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வேலை. இந்தச் செலவில் ஒரு கவளம்கூடப் பிள்ளையின் வயிற்றுக்குப் போவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, பட்டியல் தவறாக அமைவது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலக வரிசையில் நிற்க முடியாத வீடு எதுவோ, பெரும்பாலும் அதற்குத்தான் உணவு அதிகம் தேவை. எழுதப் படிக்கத் தெரியாத தாய், வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பம், முகவரிச் சான்று இல்லாதவர்கள், இவர்களெல்லாம் விடுபட்டுப் போவார்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டத் தெரிந்தவர் எப்படியும் உள்ளே வந்துவிடுவார். வரம்புக்குச் சற்று மேலே சம்பாதிக்கும் வீட்டில் மாதக் கடைசியில் அடுப்பு எரிகிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பட்டியல் சரியாகவே அமைந்தாலும் பிள்ளை சாப்பிட வர வேண்டுமே. ஆறு வயதுக் குழந்தைக்கு வெட்கம் தெரியாது. பத்து, பதினொன்று வயதாகிவிட்டால் ‘இலவசக்காரர்’ வரிசையில் நிற்பதைவிடப் பசியோடு இருப்பது மேல் என்று முடிவுசெய்துவிடும். “பசிக்கவில்லை டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போகும் பிள்ளையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அது எங்கள் கணக்கில் ‘உணவு தேவைப்படாதவர்’.

அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். 1946இல் தேசிய பள்ளி மதிய உணவுச் சட்டம் கொண்டுவந்த நாடு அது. இலவசம், சலுகை விலை, முழு விலை என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தது. உணவுக்கான பாக்கி சேர்ந்துவிட்ட பிள்ளையின் கையில் முத்திரை குத்துவது, வாங்கிய தட்டைப் பறித்துக் குப்பையில் கொட்டுவது, மேசை துடைக்க வைப்பது என்றெல்லாம் சில பள்ளிகளில் நடந்தது. இப்படி அவமானப்படுத்துவதைத் தடுக்க நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கொட்டப்பட்ட அந்த உணவை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. இதில் மிச்சமானது என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது தரம். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஊரில் பேச்சு எடுபடும் மனிதரின் பிள்ளையும் அதே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டால், உணவு மட்டமாக இருக்கும் அன்றே பள்ளி வாசலில் ஆள் நிற்கும். புகார் சொல்ல அஞ்சுகிறவர்களின் பிள்ளைகள் மட்டும் சாப்பிட்டால் கேட்க நாதி இருக்காது. இங்கிலாந்தின் கதை இதற்குப் பக்கத்தில் வருகிறது. 1906இல் உள்ளாட்சிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தரலாம் என்று சட்டம் வந்தது. 1944இல் அது கடமையாயிற்று. 1980இல் வந்த கல்விச் சட்டம், உதவித்தொகை பெறும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு உணவு தரும் கடமையை நீக்கியது. அதே கையோடு சத்துத் தரநிலைகளையும் நீக்கியது. சட்டப்படியான தரநிலை திரும்பி வர 2001 ஆயிற்று. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பள்ளிக்கு வந்து வளர்ந்து போனவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சரி, செலவுக்கு ஈடாக ஏதாவது திரும்பி வருகிறதா? சுவீடனில் 1959 முதல் 1969 வரை உள்ளாட்சிப் பகுதிகள் ஒவ்வொன்றாக எல்லா மாணவர்களுக்கும் சத்தான இலவச மதிய உணவைத் தொடங்கின. எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்காததால் பொருளாதார ஆய்வாளர்களுக்கு ஒப்பிட வசதியாயிற்று. தொடக்கப் பள்ளிக் காலம் ஒன்பது ஆண்டும் அந்த உணவைப் பெற்றவர்களின் வாழ்நாள் வருமானம் சுமார் 3 சதவீதம் கூடுதலாக இருந்தது, உயரமும் கூடியிருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். ஆனால் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் பலன் பெற்றார்கள், அதைக் கவனியுங்கள். பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு பயன் இல்லைதான். அந்த வீட்டிடமிருந்து வரியாக வசூலித்துக்கொள்ளலாமே. பணம் படைத்தவரைப் பிரித்தறிய வரி அலுவலகம் இருக்கிறது. சாப்பாட்டு வரிசை அதற்கான இடம் அல்ல.

‘இலவசம்’ என்ற ஒன்றை மட்டும் நான் பிடித்துத் தொங்கவில்லை. பின்லாந்து 1948 முதல் எல்லா மாணவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. ஜப்பானின் 1954 சட்டமோ சமைக்கும் செலவைப் பள்ளி நடத்துபவர் மீதும், உணவுப் பொருள்களின் செலவைப் பெற்றோர் மீதும் வைத்தது. ஆனாலும் அங்கே தொடக்கப் பள்ளியில் ஒரே உணவை எல்லோரும் வகுப்பறையிலேயே சாப்பிடுகிறார்கள், பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள், இயலாத வீட்டின் கட்டணத்துக்கான உதவி சக மாணவர் கண்ணில் படாமல் தீர்ந்துவிடுகிறது. ஆகவே என் நிபந்தனை ஒன்றே ஒன்று: யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது உணவு வேளையில் தெரியக் கூடாது.

உண்மையிலேயே நிதி போதவில்லை என்றால்? அப்போதும் பிள்ளை பிள்ளையாகப் பிரிக்காமல் பள்ளி பள்ளியாகவோ பகுதி பகுதியாகவோ தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவே 2014 முதல் நாடு முழுவதும் அந்த வழிக்கு வந்தது. மாணவர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வேறு அரசு உதவிகள் வழியாக ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டிருந்தால், அந்தப் பள்ளி விண்ணப்பப் படிவமே இல்லாமல் அனைவருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். 2023இல் அந்த அளவை 25 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் சமைத்த மதிய உணவுக்கு ஆணையிட்டபோதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளின் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்றுதான் சொன்னது. ஏழைப் பிள்ளைக்கு என்று சொல்லவில்லை.

வீணாவது பற்றியும் சிலர் கேட்பார்கள். வீணாகிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அருமை தெரியவில்லை என்று திட்டுவதற்கு முன் கால அட்டவணையைப் பாருங்கள். கை கழுவி, வரிசையில் நின்று, வாங்கி உட்காரும்போது மணி அடித்துவிட்டால் பாதித் தட்டு குப்பைக்குத்தான் போகும். உணவுக்குப் பின்னால் விளையாட்டு நேரம் என்றால் பிள்ளைக்கு மைதானத்தின் மேல்தான் கண். விளையாட்டை முதலில் வைத்தால் காய்கறியும் உள்ளே போகிறது. காசு செலவில்லாத மாற்றம் இது, ஆனாலும் கால அட்டவணையில் கைவைக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது.

உணவோடு சேர்ந்து நடக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் புழு இருந்தால் போட்ட சோறெல்லாம் உடம்பில் ஒட்டாது. குடற்புழு நீக்க மாத்திரையும், இரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில் இரும்புச் சத்து மாத்திரையும் பள்ளி வழியாகவே போய்ச் சேர வேண்டும். உயரமும் எடையும் அளந்து எழுதினால் மட்டும் போதாது, எழுதியதை யாராவது படிக்க வேண்டும். காலை உணவை மறந்துவிடாதீர்கள். ஐந்து வயதுக் குழந்தையின் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை மதியம் வரை எதைக் கவனிக்கும்?

கடைசியாக, வீட்டுச் சாப்பாடு. தடுக்க வேண்டாம். ஒவ்வாமை, நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு அது தேவையாகவே இருக்கலாம். பள்ளியில் கொடுப்பதை வீட்டார் ஒத்துக்கொள்ளாத காரணங்களும் இருக்கும். ஆனால் அவர்களுக்கென்று தனி அறையோ தனி மேசையோ போடாதீர்கள். கொண்டுவந்தவரும் வாங்கியவரும் ஒரே வரிசையில் உட்காரட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளை யார் என்பது மட்டும் பரிமாறுகிறவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.