கேட்டால் சொல்கிறோம்: பெர்ரியில் இருந்து பார்த்த இளஞ்சிவப்பு டால்பின்

தினமும் பெர்ரிப் படகில் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒருநாள் காலையில் இரண்டு டால்பின்களைப் பார்த்தேன். ஒன்று சாம்பல் நிறம். இன்னொன்று வெளிறிப்போய், இளஞ்சிவப்பாக, உடம்பில் அங்கங்கே புள்ளி. கடல் அழுக்கால் வந்த தோல் வியாதி என்றார் பக்கத்தில் நின்றவர். அப்படியா?
*வாசகி, பட்டர்வொர்த்*

வியாதியே கிடையாது அம்மா, வயசுதான் காரணம். முதுகுத் துடுப்பு சின்னதாக, அடி அகன்று இருந்ததா? அப்படியென்றால் நீங்கள் பார்த்தது இந்தோ-பசிபிக் ஹம்ப்பேக் டால்பின். பிறக்கும்போது கரும்சாம்பலாக இருக்கும், வளர வளரக் கருமை கழன்று புள்ளி புள்ளியாக மிஞ்சி, கடைசியில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆகிவிடும். அந்தச் சிவப்பு சாயம் அல்ல, தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தம் தெரிகிறது, அவ்வளவுதான். கூட வந்த சாம்பல் நிறத்தது இளசாக இருக்கலாம்.

இது ஆழ்கடல் பிராணி அல்ல. ஆழம் குறைந்த கரையோரமும் ஆற்று முகத்துவாரமும்தான் இதற்கு வீடு. நாம் கப்பல் விடுகிற, வலை போடுகிற, கடலைத் தூர்த்து நிலம் எடுக்கிற இடமும் அதேதான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அடுத்த முறை பார்த்தால் மூச்சு விடும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் நீண்ட மூக்கு சாய்வாக மேலே வரும், 'புஸ்' என்று ஒரு சத்தம், அப்புறம் முதுகு வளைந்து அந்தத் துடுப்பு தெரியும், பிறகு காணாமல் போகும். போனை எடுப்பதற்குள் முடிந்துவிடும், அதனால் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

டால்பின் மீனா என்று பேரன் கேட்கிறான். தூங்கினால் மூழ்கிவிடாதா, அதற்குப் பேர் இருக்கிறதா என்றும் கேட்கிறான். என்ன சொல்ல?
*ஒரு பாட்டி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்*

மீன் இல்லை, நம்மைப் போல் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று சொல்லுங்கள். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், டால்பின் மேலும் கீழும் ஆட்டும், ஒரு கிண்ணத் தண்ணீரில் கையை வைத்தே செய்து காட்டலாம்.

தூக்கம் பற்றிய கேள்விக்குப் பேரனை மெச்ச வேண்டும். நாம் தூங்கினாலும் மூச்சு தானாக ஓடும். டால்பின் ஒவ்வொரு மூச்சையும் நினைத்துத்தான் எடுக்க வேண்டும், முழுசாகத் தூங்கிவிட்டால் கதை முடிந்தது. அதனால் மூளையில் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கும், பெரும்பாலும் ஒரு கண்ணும் திறந்திருக்கும். மூச்சுத்துளை தலைக்கு மேல் இருக்கிறது, அதற்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை.

பேரும் உண்டு என்றே சொல்லலாம். பாட்டில்மூக்கு டால்பின் ஒவ்வொன்றும் குட்டியாக இருக்கும்போதே தனக்கென்று ஒரு விசிலை உருவாக்கிக்கொள்கிறது, மற்றவை அதே விசிலை அடித்தால் பதில் கொடுக்கும். முன்பு கூட வாழ்ந்த டால்பினின் விசிலைப் பிரிந்து 20 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அடையாளம் கண்டுகொண்டதாக 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை.

டால்பின் எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறதே, சந்தோஷமா?
*வாசகர், செந்தூல்*

தாடை அமைப்பே அப்படி. செத்துக் கிடந்தாலும் அதே 'சிரிப்பு'தான். முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் பக்கம் டால்பின் ஒன்று உயிரோடு கரையில் ஒதுங்கியது. ஆளாளுக்கு வாலைப் பிடித்து இழுத்தார்கள், தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். சரியா?
*மீன்பிடிக்கும் வாசகர், தெலுக் கும்பார்*

நல்ல மனசோடு செய்தாலும் இரண்டும் தப்பு ஐயா. வாலையோ துடுப்பையோ இழுத்தால் மூட்டு நழுவும். மூச்சுத்துளையில் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள், துளையை விட்டுவிட்டு ஈரத் துணி போர்த்துங்கள், வெயில் படாமல் நிழல் கட்டுங்கள், கூட்டத்தையும் சத்தத்தையும் தள்ளி வையுங்கள். உடனே மீன்வளத் துறைக்குப் போன் போடுங்கள், அவர்கள் வரும்வரை கடலுக்குள் தள்ளாதீர்கள். வலையில் உயிரோடு சிக்கியிருந்தால் மட்டும் காத்திருக்க நேரமில்லை, முதலில் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்து மூச்சு விட வழி செய்யுங்கள், வலையை அப்புறம் அறுத்துக்கொள்ளலாம்.