வெட்ட வெட்டப் பெரிதாகும் புண்

கேள்வி: என் கணவருக்கு வயது 41. பெருங்குடலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ஆறு வருடமாக மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறார். பைக் ஸ்டாண்டில் இடித்து, கணுக்காலுக்கு மேல் சின்னக் கொப்புளம் வந்தது. இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் புண். சர்க்கரை நோய் இல்லை. இரண்டு தடவை அழுகிய சதையை வெட்டி எடுத்தும் பெரிதாகிக்கொண்டே போகிறது. அடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறார்கள். குடல் நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்க நிறைய வாய்ப்பு உண்டு அம்மா. தோல் ஒட்டும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு தோல் மருத்துவரும் உங்கள் குடல் மருத்துவரும் அந்தக் காலைப் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது பயோடெர்மா கேங்கிரினோசம் என்ற புண்ணோடு ஒத்துப்போகிறது. இது கிருமியால் வருவதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, சொந்தத் தோலையே அழிப்பதால் வருவது. 1930-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இப்படி ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் நான்கு பேருக்கு உங்கள் கணவருக்கு இருக்கும் அதே குடல் நோய். ஆனாலும் ஆறாத கால் புண் என்றால் சர்க்கரை, வெரிகோஸ் (காலில் ரத்த நாளம் சுருண்டு வீங்குவது) இரண்டைத் தாண்டி நம் ஊரில் சுலபத்தில் யோசிப்பதில்லை. காலைப் பார்ப்பவர் வயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை.

காயம் பட்ட இடத்தில் கிளம்புவது இந்த நோயின் குணம். சில பேருக்கு ஊசி குத்திய இடத்தில்கூட வரும். ஆபரேஷனில் வெட்டுவதும் ஒரு காயம்தான். என்னிடம் வந்த ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு ஒட்டிய தோலும் நிற்கவில்லை, தோல் எடுத்த தொடையிலும் அதே புண் வந்துவிட்டது. அவர் பட்ட வேதனையைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புண்ணின் ஓரம் ஊதா நிறத்தில், அடியில் குடைந்தது போல் இருக்கிறதா? வலி தாங்க முடியாமல் இருக்கிறதா? சர்க்கரைப் புண்ணில் நரம்பு மரத்துப்போவதால் பெரும்பாலும் வலி தெரியாது. இதில் துணி உரசினாலே துடித்துப்போவார்கள். இதை உறுதிப்படுத்தத் தனியாக ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து பையாப்சியும் கல்ச்சரும் செய்து, காசநோய், புற்றுநோய், மற்ற கிருமிகள் இல்லை என்று பார்ப்பார்கள். அந்தச் சின்ன வெட்டு மட்டும் தவிர்க்க முடியாதது.

அப்புறம் சிகிச்சை. தடம் மாறிய எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு அல்லது சைக்ளோஸ்போரின் கொடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. எதைக் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே புண் முழுக்க ஆறியிருந்தது. எனவே பொறுமை வேண்டும். கேட்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி இருக்கிறது. அது குடலையும் சேர்த்து அடக்கும். ஆனால் உடம்பில் தூங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடிய மருந்து, அதனால் முதலில் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

வயிறு அமைதியாக இருக்கும்போதும் இந்தப் புண் வரலாம் என்பதால், பேதி இல்லை என்று குடல் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், புரூஃபென் மாதிரி மாத்திரைகளை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், குடல் நோய் கிளறிக்கொள்ளக்கூடும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். வயிறு இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கண் மட்டும் அடிக்கடி சிவக்கிறது. சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறோம்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: வெளிச்சம் பட்டால் கண் கூசி வலித்தால், பார்வை மங்கினால், அது மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடக்கூடியதல்ல. கண்ணுக்குள்ளே வரும் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே பாதிக்கப்படும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், க்ரோன்ஸ் இருப்பதை முதலில் சொல்லுங்கள். அவர் பார்க்காமல் ஸ்டீராய்டு சொட்டு போடாதீர்கள். காலையில் எழும்போது இடுப்பு விறைத்து, நடமாடினால் குறைகிறதா என்றும் மகனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் மூட்டுவாத மருத்துவரையும் பார்க்க வேண்டும். குடல், கண், முதுகெலும்பு மூன்றிலும் சேர்ந்து வரக்கூடிய நோய் இது.